கேள்விக்குறிகளின் காலம்

ஒரு டாலர். 1968 டிசம்பரில் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைப் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தபோது பேச்சுக்கு வைத்த விலை அவ்வளவுதான். 1938 பிப்ரவரியில் ஆரவாரமாகத் திறந்துவைக்கப்பட்ட தளம் அது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் ஆயிரம் அடி நீளத்துக்கு ஒரு டாக். கேன்பரா, வெலிங்டன், மாண்ட்ரியல், டர்பன் என்று பேரரசின் ஊர்ப்பெயர்களைச் சூட்டிய சாலைகள். அந்தச் சாலைகள் வழியே வேலைக்குப் போனவர்களில் மலையாளிகளும் தமிழர்களும் நிறையப் பேர். அவர்கள் வாயில் அந்த வட்டாரத்துக்கே ‘நேவல் பேஸ்’ என்றுதான் பெயர். தள ஊழியர்கள் மரத்தடியில் தொடங்கிய வழிபாடு புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக வளர்ந்து, பின்னாளில் பக்கத்து ஈசூனுக்கு இடம் மாறியது. இந்தக் கோயிலின் பெயரில் உள்ள ‘ஸ்ரீ’யை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

போர்க்கப்பல்கள் வந்த இடத்துக்கு வணிகக் கப்பல்கள் வரத் தொடங்கின. பழுதுபார்ப்பதுதான் தொழில். செம்பவாங் ஷிப்யார்ட் வளர்ந்து, பல தொழில்களில் கைவைத்த செம்பவாங் கார்ப்பரேஷன் குழுமமாயிற்று. 1995இல் அந்தக் குழுமத்தின் செம்பவாங் மீடியா என்ற பிரிவு கப்பலுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லாத ஒரு காரியம் செய்தது. ஆய்வாளர்களுக்காக 1991இல் தொடங்கப்பட்டிருந்த டெக்நெட் என்ற கணினி வலையமைப்பைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கி, ‘பசிபிக் இன்டர்நெட்’ என்று பெயர் மாற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. முந்தைய ஆண்டு சிங்நெட் தொடங்கியிருந்தது. அடுத்து வந்தது இது. மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்த அந்த நாட்களில், சிங்கப்பூரில் பல வீடுகள் இணையத்துக்குள் நுழைந்தது செம்பவாங்கின் பெயரில் வளர்ந்த ஒரு நிறுவனம் திறந்த வாசல் வழியே.

அதே 1995இல்தான் தமிழும் உள்ளே வந்தது.

டெக்நெட்டை நடத்தியவர்களில் ஒருவரான டான் டின் வீ அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் இருந்தார். நாட்டின் நான்கு மொழிகளும் ஒரே இணையத்தளத்தில் தெரிய வேண்டும் என்பது அவர் முனைப்பு. தமிழுக்குக் கைகொடுத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர், சிறுகதைக்காரர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். கணினியில் தமிழ் எழுத ‘கணியன்’ என்ற மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பு ஒன்று 1995 அக்டோபரில் இணையத்தில் ஏறியது. தொடக்கி வைத்தவர் அதிபர் ஓங் டெங் சியோங். உலக வலைப்பின்னலில் தமிழ் எழுத்து தோன்றிய மிக முந்தைய பக்கங்களில் ஒன்று என்று தமிழ்க் கணிமை வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

அந்தக் கவிதைப் பக்கங்கள் எழுதி வைத்தால் எழுதியபடியே நிற்பவை. யார் வந்து கேட்டாலும் சர்வர் அதே கோப்பை எடுத்து நீட்டும். கல்வெட்டு மாதிரி. தப்பு இருந்தால் கோப்பைத் திறந்து பார்த்தால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் வலை அந்த நிலையில் வெகுநாள் நிற்கவில்லை. பெயரைத் தட்டினால் அந்தப் பெயருக்கு விடை வர வேண்டும், செய்தி தேதிவாரியாக மாற வேண்டும், வாசகர் படிவம் நிரப்பினால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்ற தேவைகள் வந்தன. அவற்றுக்கு உதவும் ‘சிஜிஐ’ என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ மையம் 1993இலேயே கொண்டுவந்திருந்தது. பக்கத்தைக் கேட்டதும் சர்வர் ஒரு நிரலை ஓட்டி, அது உமிழ்வதை வாசகருக்கு அனுப்பும்.

அதில் ஒரு தொல்லை. பக்கம் முழுவதையும் நிரலே வரிவரியாக அச்சிட வேண்டும். ஒரு தலைப்பைத் தடித்த எழுத்தில் காட்டவும் நிரலுக்குள் போய்த்தான் கைவைக்க வேண்டும். இதைத் தலைகீழாக்கியவர்களில் முக்கியமானவர் கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப். தன் வலைப்பக்கத்துக்காகச் செய்து வைத்திருந்த சில கருவிகளை 1995 ஜூனில் ‘பிஎச்பி’ என்ற பெயரில் உலகுக்குத் தந்தார். வழக்கமான பக்கத்தை எழுதிக்கொண்டே போகலாம். நிரல் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு அடையாளம் வைத்து இரண்டு வரி செருகிவிடலாம். அந்தப் பகுதியைச் சர்வர் ஓட்டும், மீதியை அப்படியே அனுப்பும். மைக்ரோசாஃப்ட் 1996 இறுதியில் ‘ஏஎஸ்பி’யையும், சன் நிறுவனம் 1999இல் ‘ஜேஎஸ்பி’யையும் இதே வழியில் கொண்டுவந்தன. மற்ற இரண்டிலும் செருகும் இடத்தின் அடையாளம் விழுக்காட்டுக்குறி. பிஎச்பியில் கோண அடைப்பும் அதையடுத்து ஒரு கேள்விக்குறியும். தமிழ்ப் பக்கங்களைப் பொறுத்தவரை கேள்விக்குறியில் தொடங்கிய கதை பல இடங்களில் கேள்விக்குறியிலேயே போய் முடிந்தது.

இப்படிச் செருகிய நிரலில் பிழை தேடுவது தனிக் கலை. மேசைமேல் இருக்கும் கணினியில் நிரல் ஓடினால் எந்த வரியில் நின்றது என்று பார்த்துவிடலாம். இங்கே நிரல் ஓடுவது எங்கோ ஓர் அறையில் குளிர்சாதனத்தின் நடுவே. பார்ப்பவர் கையில் இருப்பது விளைவு மட்டும். பக்கம் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும். அதில் என்னத்தைப் படிப்பது? அக்காலத்து நிரலாளர் கண்ட வழி எளியது. சந்தேகம் வந்த இடத்தில் ‘இதுவரை வந்தது’ என்று ஒரு வரியை அச்சிடச் சொல்லிப் பக்கத்தை மறுபடி அழைப்பார். அந்த வரி தெரிந்தால் பிழை அதற்குக் கீழே. தெரியாவிட்டால் மேலே. பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் தப்பாகத் தட்டிய ஒரு பெயர் அகப்படும். இன்றைக்குத் திருத்துகருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. அவசரத்துக்குக் கை போவது இன்றும் இந்த வழிக்குத்தான்.

பிழைச்செய்திகளும் விசித்திரமாக இருந்தன. பிஎச்பியில் இரட்டை முக்காற்புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்தால் ‘பாமாயிம் நெகுடோதாயிம்’ எதிர்பாராமல் வந்துவிட்டது என்று திட்டு விழும். உலகம் முழுக்க நிரலாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். அது எபிரேயச் சொல். மொழியின் உள்எந்திரத்தைத் திரும்ப எழுதிய சீவ் சுராஸ்கியும் ஆன்டி குட்மன்ஸும் இஸ்ரேல்காரர்கள். இரட்டை முக்காற்புள்ளிக்குத் தங்கள் தாய்மொழியில் பெயர் வைத்துவிட்டார்கள். கணினி என்றால் ஆங்கிலம்தான் என்று நம்பியவர்களுக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி.

பிழைச்செய்தியை அப்படியே பக்கத்தில் காட்டுவதில் ஆபத்தும் இருந்தது. கோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது, தரவுத்தளத்தின் பெயர் என்ன என்பதெல்லாம் வழிப்போக்கருக்கும் தெரிந்துவிடும். அதனால் மக்கள் பார்க்கும் தளத்தில் செய்தியை மறைத்துவிட்டு, சர்வரின் பதிவேட்டில் மட்டும் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. வெள்ளைப் பக்கத்தைக் கண்டதும் அனுபவசாலி முதலில் திறப்பது அந்தப் பதிவேட்டைத்தான். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார்.

இவ்வளவும் எல்லா மொழிக்காரருக்கும் பொது. தமிழ்ப் பக்கம் கட்டியவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சுமை இருந்தது.

1990களில் தமிழுக்கு ஒரே குறியேற்றம் கிடையாது. மொத்தம் 256 இடம்தான் உள்ள ஏற்பாட்டில் முதல் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ள, மேல்பாதியில் ஆளுக்கொரு வரிசையில் தமிழை அடுக்கினார்கள். கணியனுக்கு ஒரு வரிசை, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலுக்கு ஒன்று, சென்னைப் பத்திரிகைகளுக்கு வேறு. எந்த எழுத்துருவில் தட்டினார்களோ அதே எழுத்துருவில்தான் படிக்க முடியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழிணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் ‘திஸ்கி’ என்ற குறியேற்றத்தை வளர்த்தார்கள். 2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது ‘உத்தமம்’ என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. கோவிந்தசாமி அதைப் பார்க்க இல்லை. 1999இல், ஐம்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே காலமாகிவிட்டார்.

மாநாட்டுத் தீர்மானங்களை வரலாறு எழுதுகிறவர்கள் விடாமல் குறித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானங்களைப் பக்கத்தில் ஓடவைக்க உட்கார்ந்தவர்கள் பட்ட பாடு அவ்வளவாகப் பதிவாகவில்லை. ஓர் எடுத்துக்காட்டு போதும். திஸ்கியில் ‘கெ’ என்று எழுத, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு ‘க’. உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு கொம்பு. ‘கொ’ என்றால் திஸ்கியில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. ஆக, பழைய கட்டுரைகளைப் புது முறைக்கு மாற்றும் நிரல் எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் மட்டும் போதாது, கொம்பைக் கழற்றி எழுத்துக்குப் பின்னால் மாட்டவும் வேண்டும். ஒரு வரியின் முதல் எழுத்திலோ மேற்கோள்குறிக்குப் பக்கத்திலோ அது சறுக்கினால், புள்ளிவட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொம்பு மட்டும் அநாதையாக நிற்கும். இணையத்தில் பழைய தமிழ்க் கட்டுரைகளில் அந்தப் புள்ளிவட்டத்தை இன்றும் காணலாம்.

யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. வீட்டுக் கணினியில் அது தானாகத் தெரியத் தொடங்கியது விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு வந்த பிறகு. இனித் தொல்லை விட்டது என்று நினைத்தபோதுதான் உண்மையான கேள்விக்குறிகள் வந்தன.

தமிழில் பெயர் கேட்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்று தட்டி அனுப்புகிறார் ஒருவர். அந்தச் சொல் போகும் வழியில் நான்கு கைமாற்றம். பிரவுசர் அதைப் பைட்டுகளாக்கிச் சர்வருக்கு அனுப்பும். பக்கத்தில் செருகிய நிரல் அதை வாங்கும். நிரல் தரவுத்தளத்திடம் கொடுத்துத் திரும்ப வாங்கும். கடைசியாக மறுபடி பிரவுசருக்கு அனுப்பும். ஒவ்வோர் இடத்திலும் ‘இது எந்தக் குறியேற்றம்’ என்று கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பதில் வைத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் பதில் மாறினாலும் திரையில் தமிழ் வராது. வேறு ஏதோ ஒன்று வரும்.

அந்த வேறு ஏதோ ஒன்றைப் படிக்கத் தெரிவதுதான் தொழில். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, பார்ப்பவரின் கருவியில் எழுத்துரு இல்லை. தலைமேல் கோடு இழுத்த பிரெஞ்சு ‘அ’வும், வட்டத்துக்குள் அடைபட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் நல்ல சேதிதான். யூனிகோடைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அவற்றை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படித்தால் இந்த வரிசைதான் வரும். அதாவது சரக்கு சேதமாகவில்லை, பெயர்ச்சீட்டு மட்டும் மாறியிருக்கிறது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் எங்கோ ஓர் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் ஐந்து குறியும் ஐந்து வெறும் கேள்விக்குறியாக வரிசையில் நின்றால் கதை முடிந்தது. வாங்கியவர் தனக்குத் தெரியாத எழுத்தை எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டார். எழுதியவர் திரும்ப வந்து தட்டினால் ஒழிய மீட்பு இல்லை.

பெரும்பாலும் எறிந்தவர் தரவுத்தளம். பிஎச்பியோடு ஜோடி சேர்ந்து உலகமெங்கும் பரவிய மைஎஸ்கியூஎல் பிறந்த ஊர் சுவீடன். யூனிகோட் ஆதரவு அதில் 4.1ஆம் பதிப்பில், 2004இல்தான் வந்தது. வந்த பிறகும் வெகுகாலம், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளையும் சுவீடிய அகரவரிசையையும் எடுத்துக்கொள்ளும். தமிழர் பெயர்ப்பட்டியல் ஒன்று சுவீடன்காரர் வரிசையில் அடுக்கப்படக் காத்திருந்தது என்றால் நம்பச் சிரமம்தான். 2018இல் வெளிவந்த 8.0ஆம் பதிப்பில்தான் அந்த வழக்கம் மாறியது.

இதைவிடக் கொடியது தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகத் தெரிவது. பக்கம் யூடிஎஃப்-8இல் அனுப்புகிறது. இணைப்போ ஐரோப்பிய எழுத்து என்று சொல்லிக்கொண்டு தரவுத்தளத்தில் கொட்டுகிறது. எடுக்கும்போதும் அதே பொய்யைச் சொல்லி எடுக்கிறது. போன பைட் அப்படியே திரும்பி வருவதால் திரையில் தமிழ் அழகாகத் தெரியும். வருடக்கணக்கில் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒருநாள் சர்வரை மாற்றுவார்கள். புதிய சர்வர் இணைப்பு உண்மையைச் சொல்லும். மறுநாள் காலை தளம் முழுக்கப் பிரெஞ்சு ‘அ’. புதிதாகத் தட்டியவை சரியாக இருக்கும், பழையவை எல்லாம் கெட்டிருக்கும். பதற்றத்தில் யாராவது எல்லாவற்றையும் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் நல்லதும் சேர்ந்து கெடும். பழகியவர் முதலில் செய்வது எதையும் தொடாமல் தரவுத்தளத்தை நகல் எடுப்பது. பிறகு ஒரே ஒரு சொல்லைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்ப்பது. ‘தமிழ்’ பதினைந்து பைட்டாக இருந்தால் பெயர்ச்சீட்டை மாற்றினால் போதும். அதைவிட நீண்டிருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை தப்பாக மாற்றப்பட்டிருக்கிறது.

பதினைந்து என்ற எண்ணிக்கையே ஒரு தனிப் பஞ்சாயத்து. தமிழ் என்பது எத்தனை எழுத்து? பள்ளிப்பிள்ளை மூன்று என்று சொல்லும். யூனிகோடைக் கேட்டால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. பிஎச்பியின் பழைய கட்டளை பதினைந்து என்னும், ஏனென்றால் அது எண்ணுவது பைட்டை. செய்திச் சுருக்கத்துக்கு முதல் நூறு எழுத்தை வெட்டித் தா என்று அதனிடம் சொன்னால், நூறாவது பைட் விழும் இடத்தில் ஒரு குறியை நடுவில் அறுத்துப் போட்டுவிடலாம். முகப்புப் பக்கத்தில் பல செய்திகளின் கடைசியில் அந்தக் கறுப்புச் சாய்சதுரம். யூனிகோடை உள்ளுக்குள்ளேயே வைத்து பிஎச்பி-6 வரப்போகிறது என்று பல ஆண்டுகள் பேசினார்கள். 2010இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 2015இல் வந்த பதிப்புக்கு ஆறை விட்டுவிட்டு ஏழு என்று பெயர் வைத்தார்கள். பல பைட் எழுத்துக்கென்று தனியாக இருக்கும் கட்டளைகளைத்தான் தமிழ் நிரலாளர் இன்றும் தேடிப்பிடித்துப் போட வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. விண்டோஸின் பழைய நோட்பேடில் தமிழை எழுதி யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அது கோப்பின் தலையில் மூன்று பைட்டை அடையாளத்துக்காக ஒட்டிவைக்கும். திரையில் தெரியாது. நிரலுக்கு முன்னால் அந்த மூன்று பைட் நிற்பதால் சர்வர் அதைப் பக்கத்தின் தொடக்கம் என்று எடுத்து வாசகருக்கு அனுப்பிவிடும். பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்குப் போக வேண்டிய தலைப்புக் குறிப்புகளை அதற்குப் பிறகு அனுப்ப முடியாது. ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்று புகார் வரும், உள்நுழைவு வேலை செய்யாது. நிரலை நூறு முறை படித்தாலும் குற்றம் அகப்படாது. தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் நோட்பேடை நம்பியிருந்த காலத்தில் இதில் மாட்டாதவர் குறைவு.

இனி அந்த ‘ஸ்ரீ’. முதலில் அதை ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி என்று நான்கு குறியாகத்தான் எழுத முடிந்தது. 2005இல் வந்த யூனிகோட் 4.1இல் ‘ஶ’ என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடைத்ததும் ஶ்ரீ என்றும் எழுதலாம் என்றாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஈசூன் ஆலயத்தின் பெயர் ஒரு தளத்தில் பழைய முறையில் பதிவாகியிருக்க, பக்தர் தன் கைப்பேசியில் புது முறையில் தட்டித் தேடினால், ‘அப்படி ஒரு கோயில் இல்லை’ என்று சர்வர் கூசாமல் சொல்லும். எந்தப் பதிவேட்டிலும் பிழை இருக்காது. தேடும் சொல்லையும் தேடப்படும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடு என்று நிரலில் எழுதினால்தான் கோயில் கிடைக்கும்.

திரையில் எல்லாம் சரி, அச்சில் பிழை என்பது இன்னொரு வகை. சர்வரே ரசீதையோ சான்றிதழையோ பிடிஎஃப் கோப்பாகத் தயாரித்துக் கொடுக்கும் தளங்களில் இது சகஜம். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலையைப் பிரவுசர் ஓசையில்லாமல் செய்துவிடுகிறது. பழைய பிடிஎஃப் நிரல்களுக்கு அந்த வித்தை தெரியாது. ‘கொ’வில் கொம்பு பின்னால் போய்விடும். அச்சுக்கூடத்து வடிவமைப்பு மென்பொருளுக்கும் இதே நோய் உண்டு. 2017இல் சிங்கப்பூர் தேசிய தின அணிவகுப்புக்காக அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தில் தமிழ் வரி சிதைந்து வந்து, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அதிகாரத்துவ மொழி நான்கில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டில் இத்தகைய பிழை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக முடிவதில்லை. தமிழர் வீடுகளில் அது மானப் பிரச்சினை.

இணைய முகவரியிலும் தமிழ் ஏறியது. பிற எழுத்துகளில் முகவரி வைக்கும் முறையை 1990களின் கடைசியில் செய்து காட்டியதும் டான் டின் வீயின் குழுதான். 2011இல் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முடிவுப்பெயர் நாட்டுக்குக் கிடைத்தது. ஆனால் மின்னஞ்சல் முகவரி கேட்கும் படிவங்கள் பலவற்றில், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே செல்லும் என்று என்றோ ஒருவர் எழுதிய ஒற்றை வரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் முகவரியைக் கண்டால் சிவப்பு எழுத்தில் ‘செல்லாது’ என்று திருப்பி அனுப்புகிறது. வாசல் திறந்தாயிற்று, காவலாளிக்குத்தான் சொல்லவில்லை.

செம்பவாங்கின் பெயரோடு இணையத்துக்கு வந்த நிறுவனம் பல கை மாறிவிட்டது. பசிபிக் இன்டர்நெட் 2008இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து பாக்நெட் ஆயிற்று. 2015இல் அதை ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்டிரா வாங்கியது. செம்பவாங் கார்ப்பரேஷன் 1998இலேயே செம்ப்கார்ப் ஆகிவிட்டது. கப்பல் தொழிலைக் கவனித்த கிளை 2023இல் கெப்பல் நிறுவனத்தின் கடல்சார் பிரிவோடு இணைந்து சீட்ரியம் என்று பெயர் மாறியது. டாக் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

தமிழ்ப் பக்கங்களின் நிலை அப்படி இல்லை. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் நாட்டின் பொன்விழா ஆண்டில், அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தன்னார்வ முயற்சியால், மின்வடிவாக்கப்பட்டுத் தேசிய நூலக வாரியத்திடம் சேர்ந்தன. வாரியம் 2006 முதல் இணையத்தளங்களையும் சேகரிக்கிறது. 2019 முதல் நாட்டின் முகவரியில் உள்ள தளங்களைத் தனித்தனியே அனுமதி கேட்காமல் சேகரிக்கச் சட்டமே இடம் தருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சேகரிப்பு எடுத்துவைப்பது சர்வர் அனுப்பிய பக்கத்தைத்தான், பக்கத்துக்குள் செருகியிருந்த நிரலை அல்ல. சேகரிக்கும் எந்திரத்துக்கும் வாசகருக்குக் கிடைப்பதுதான் கிடைக்கும். கொம்பைக் கழற்றி மாட்டிய மாற்றிகள், கேள்விக்குறிகளை நிறுத்திய அந்த ஒரு வரி, ‘இதைத் தொடாதே, தொட்டால் பழைய கட்டுரைகள் கெடும்’ என்று தமிழில் எழுதிவைத்த குறிப்பு, இவையெல்லாம் சர்வரை அணைத்த அன்றே போய்விடுகின்றன.

அவற்றை எழுதியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அலமாரியில் பழைய சிடியோ, ஓடாத ஹார்டு டிஸ்க்கோ, 2002ஆம் ஆண்டின் தரவுத்தள நகலோ வைத்திருப்பவர்கள் வீடு மாற்றும்போது அதைக் குப்பைத்தொட்டியில் போடுவதற்கு முன், கடவுச்சொற்களையும் வாசகர்களின் தனி விவரங்களையும் நீக்கிவிட்டு, நூலக வாரியத்திடமோ உத்தமம் அமைப்பிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். 1979 முதல் சிங்கப்பூர்க்காரர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவரும் நிலையம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பட்டறையில் கப்பல் பழுதுபார்த்தவர்களைப் பேசவைப்பது போலவே, பக்கம் பழுதுபார்த்தவர்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசச் சொல்ல வேண்டும். அவர்களில் முதல் தலைமுறைக்கு இப்போதே வயதாகிவிட்டது.